வண்ணாரப்பேட்டையோடு நிறுத்தியிருக்கலாமா?

இது நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். "டீச்சர் மறுபடியும் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். முப்பத்து நாலு வருஷம் சமூக அறிவியல் எடுத்தவளிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

விஷயம் இதுதான். 1993ஆம் வருஷத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். காலை வணக்கப் பூக்களும் பிறந்தநாள் கேக்குகளும் வரும் இடம். போன வாரம் அதில் ஒரு தம்பி இப்படி எழுதினான்: "மெட்ரோவை வண்ணாரப்பேட்டையோட நிறுத்தியிருக்கணும். திருவொற்றியூர் வரைக்கும் இழுத்தது வேஸ்ட். இனிமே ஏர்போர்ட்டுக்குப் போற ட்ரெயின்லயும் மீன் வாடைதான்." கூடவே மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொம்மை ஒன்று. அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். பன்னிரண்டு பேரையும் எனக்குத் தெரியும். யார் எந்தத் தெரு, யார் அப்பா என்ன வேலை பார்த்தார், எல்லாம் தெரியும்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். நீ நன்றாகப் படித்தவன். சோழிங்கநல்லூரில் சொந்த ஃபிளாட், கார், பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடத்தில். எனக்கு அதில் பெருமைதான். என் கண் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கூட நின்றவன் நீ. அதனால்தான் குழுவில் சண்டை போடாமல் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் விடப்போவதில்லை.

முதலில் "இழுத்தது வேஸ்ட்" என்பதைப் பார்ப்போம். எங்கே இருந்து எங்கே இழுத்தார்கள்?

தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் எங்கே இருந்து புறப்பட்டது? கேள்வியைப் படித்ததும் உங்களில் பாதிப் பேராவது பதில் சொல்லியிருப்பீர்கள், மார்க் போட்டவள் நான்தானே. ராயபுரம். 1856ஆம் வருஷம் ஜூலை 1, ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு. பம்பாய் தாணா ரயில் ஓடி மூன்றே வருஷத்தில். அப்போது சென்ட்ரலும் கிடையாது, எழும்பூரும் கிடையாது. சென்ட்ரல் வந்தது 1873இல், எழும்பூர் 1908இல். ரயில் இந்த ஊருக்கு வந்ததே நம் வாசல் வழியாகத்தான். அந்த ஸ்டேஷன் கட்டிடம் இன்னும் அங்கே நிற்கிறது. தூண்களைப் பார்க்க வகுப்போடு ஒருமுறை கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கும். நீ டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு அழுதாய்.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று வரிசையாகப் பார். 1931இல் மின்சார ரயில் வந்தது. பீச்சில் இருந்து தாம்பரம், அதாவது தெற்கே. 1995 நவம்பரில் பறக்கும் ரயில் வந்தது. அதே பீச்சில் இருந்து சேப்பாக்கம், 1997இல் மயிலாப்பூர், 2007இல் வேளச்சேரி. எல்லாம் தெற்கே. பீச் ஸ்டேஷனில் நின்று வடக்கே கையை நீட்டினால் ராயபுரம் தொட்டுவிடும் தூரம். ஆனால் புதிதாக எது வந்தாலும் பீச்சில் இருந்து முதுகைத்தான் காட்டியது. நமக்கு இருந்தது கும்மிடிப்பூண்டி லைன். அதை நான் குறை சொல்ல மாட்டேன், பாதி வாழ்க்கை அதில்தான் போனது. 5 ரூபாய் டிக்கெட்டில் இன்றைக்கும் ஏழைகளைச் சுமப்பது அதுதான். ஆனால் விஜயவாடா, டெல்லி, ஹவுரா போகிற எக்ஸ்பிரஸ்களும், சரக்கு வண்டிகளும் அந்தத் திசையில்தான் போயாக வேண்டும். கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று நின்று நரைத்த தலைமுறை நாங்கள்.

பிறகு மெட்ரோ. 2009இல் வேலையை ஆரம்பித்தார்கள். 2015 ஜூன் 29, கோயம்பேட்டில் இருந்து ஆலந்தூர். 2016 செப்டம்பரில் சின்னமலையில் இருந்து விமான நிலையம். 2017 மே மாதம் திருமங்கலத்தில் இருந்து நேரு பூங்கா வரை, அதுதான் இந்த ஊரின் முதல் சுரங்க ரயில். 2018 மே 25 அன்று ஒரு பக்கம் சென்ட்ரல், இன்னொரு பக்கம் சைதாப்பேட்டையில் இருந்து டி.எம்.எஸ். 2019 பிப்ரவரி 10, டி.எம்.எஸ்ஸில் இருந்து வண்ணாரப்பேட்டை. அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, 2021 பிப்ரவரி 14, வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர்.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் இந்த வரிசை. பாயசம் தண்ணீராக இருக்கும், அப்பளம் தீர்ந்திருக்கும், பரிமாறுகிறவன் இலையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பான். முதலில் போட்ட திட்டத்தில் நமக்கு இலையே போடவில்லை என்பதுதான் இன்னும் விசேஷம். முதல் கட்டத்தின் 45 கிலோமீட்டர் வண்ணாரப்பேட்டையோடு முடிந்தது. நம்முடைய 9 கிலோமீட்டர் பிறகு "நீட்டிப்பு" என்ற பெயரில் ஒட்டுப்போட்டது. 2016 ஜூலையில் அடிக்கல். 3,770 கோடி. இதைத்தான் நீ வேஸ்ட் என்கிறாய். முதல் கட்டத்துக்கு ஆகும் என்று ஆரம்பத்தில் போட்ட கணக்கே 14,600 கோடி. அந்தக் கோடிகளில் கோயம்பேட்டுக்கும் கிண்டிக்கும் போனதை யாரும் வேஸ்ட் என்று எழுதி நான் பார்க்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்ணாரப்பேட்டைக்கு லேட்டாக வந்ததற்கு எல்லாமே ஓரவஞ்சனை என்று சொல்ல மாட்டேன். இது நெருக்கமான ஊர். விமான நிலையத்தில் இருந்து வண்ணாரப்பேட்டை வரை 23 கிலோமீட்டரில் 14 கிலோமீட்டருக்கு மேல் பூமிக்கு அடியில் போகிறது. சின்னமலையைத் தாண்டியதும் இறங்கினால் சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, டி.எம்.எஸ்., ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அரசினர் தோட்டம், சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, எல்லாம் மண்ணுக்குள். தூண் நட்டு மேலே பாலம் போடுவது போல இல்லை இது. ஒரு பெரிய குழி வெட்டி, ராட்சத எந்திரத்தை அதற்குள் இறக்கி, அது முன்னால் மண்ணைக் குடைந்துகொண்டே போகப் போக, பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு வர வேண்டும். வெள்ளரிக்காய்க்குள் விரலை விட்டுக் குடைந்தால் எப்படியோ அப்படி. நம் ஊர் மண் ஒரே சீராக இருக்காது. ஓர் இடத்தில் மணலும் களிமண்ணும், அடுத்த இடத்தில் பாறை. நடுவில் கூவத்துக்கு அடியிலும் போயாக வேண்டும். 2015இல் அண்ணா சாலைப் பகுதியின் ஒப்பந்தக் கம்பெனி பாதியில் கழன்றுகொண்டு வேறு ஆளைப் பிடிக்க வேண்டி வந்தது. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் ரோடு உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் பள்ளத்துக்குள் போனதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். மண்ணடியில் நூறு வருஷத்துச் சுவர்களுக்கு அடியில் இதைச் செய்து முடித்தவர்களுக்கு நான் கும்பிடு போடுகிறேன். அவர்களில் பெரும்பாலானோர் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து தகரக் கொட்டகையில் படுத்த பிள்ளைகள். திறப்பு விழாக் கல்வெட்டில் அவர்கள் பெயர் இருக்காது, அது வேறு கதை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். திருவொற்றியூர் ஹைரோட்டில் மேம்பாலத் தூண் எழும்பிய வருஷங்களில் கடைக்காரர்கள் பட்ட பாடு சாதாரணம் இல்லை. தூசி, தடுப்பு, ஒருவழி. சில கடைகள் திரும்பத் திறக்கவே இல்லை. இருந்தாலும் 2021இல் முதல் ரயில் தலைக்கு மேலே போனபோது தேரடி வீதியில் நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். முகக்கவசத்துக்குள் சிரித்தேன், யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, அடுத்தது. "அங்கே என்ன இருக்கு, யார் போகப் போறாங்க?" என்று குழுவில் இன்னொரு பிள்ளை கேட்டிருந்தாள். அம்மா, ஸ்டேஷன் பெயர்களை மட்டும் வைத்து ஒரு வருஷப் பாடம் நடத்தலாம்.

வண்ணாரப்பேட்டை என்றால் என்ன? கம்பெனிக்காரன் கப்பலில் ஏற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டை. இந்த நகரம் துணி வியாபாரத்தால் உண்டானது. அந்தத் துணி நம் மண்ணில்தான் காய்ந்தது. தொண்டியார்பேட்டை, ராமநாதபுரத்துத் தொண்டிப் பக்கத்தில் இருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபை "தொண்டியார்" என்று அழைத்ததால் வந்த பெயர் என்பார்கள். காலடிப்பேட்டை என்றதும் சாமியின் காலடி பட்ட இடம் என்று நினைக்கிறீர்கள். ஜோசப் காலெட் என்று ஒரு வெள்ளைக்காரக் கவர்னர், 1717 முதல் 1720 வரை இங்கே இருந்தவன், நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட்பேட்டை அது. நம் நாக்கில் புரண்டு புரண்டு காலடி ஆனது. எனக்கு இந்தத் தப்பு ரொம்பப் பிடிக்கும். விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, தீப்பெட்டி. தேரடி என்றால் தியாகராஜ சுவாமி தேர் நிற்கும் இடம். தேவாரம் பாடிய மூவரும் பாடிய தலம். பட்டினத்தார் அடங்கிய ஊர். ஏழுகிணறு வீராசாமி தெருவில் குடியிருந்த வள்ளலார் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே வந்து போவாராம். மண்ணடியில் ஏறித் தேரடியில் இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். அவர் நடந்த பக்கமாகவே ரயில் போட்டிருக்கிறார்கள். ஏசி வேறு.

பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. சென்ட்ரல், கோயம்பேடு பஸ் நிலையம், ஆலந்தூர் ஸ்டேஷன்களுக்கு 2020இல் தலைவர்களின் பெயர்களைப் பட்டங்களோடு வைத்தார்கள். மரியாதைக்குரியவர்கள்தான். ஆனால் அந்த முழுப் பெயரை அறிவிப்பில் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்து மூடிவிடுகிறது. காலடிப்பேட்டையை யாரும் தொடாமல் விட்டதற்கு நன்றி.

யார் போகப் போகிறார்கள் என்றாயே. டயர் கம்பெனி இங்கே. இந்தியாவில் புல்லட் மோட்டார் சைக்கிள் முதலில் உருவானது இங்கே, 1955 வாக்கில் இருந்து. எண்ணூரில் லாரி கம்பெனி. மணலியில் பெட்ரோல் சுத்திகரிப்பு. எண்ணூரில் அனல் மின்நிலையம் 1970 வாக்கில் வந்தது. ராயபுரத்துக்குப் பக்கத்தில் துறைமுகம். 2011இல் நீதிமன்றம் சொல்லி நிறுத்தும் வரை நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அங்கேதான் ஏறி இறங்கின. நிறுத்தி எங்கே அனுப்பினார்கள்? எண்ணூருக்கு. அதுவும் நாம்தான். ஊர்க் குப்பையில் ஒரு பெரிய பங்கு கொடுங்கையூருக்கு. 2023 டிசம்பர் புயலில் எண்ணூர் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய் படர்ந்து மீனவர்கள் கையால் அள்ளினார்கள், பார்த்திருப்பாய். புகை, சாம்பல், எண்ணெய், குப்பை எல்லாவற்றுக்கும் வடக்கே இடம் இருக்கிறது. ஏசி ரயில் என்றால் மட்டும் "அங்கே எதுக்கு?"

இன்னும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே தம்பி. உன் தங்கை கல்யாணத்துக்கு ஜவுளி எங்கே எடுத்தீர்கள்? எம்.சி. ரோட்டில். விலை மலிவு என்று சோழிங்கநல்லூரில் இருந்து வேன் வைத்து வந்தீர்கள். பார்க்கிங் இல்லை என்று புலம்பினாய். அப்போது மெட்ரோ வண்ணாரப்பேட்டை வரை இருந்திருந்தால் வேன் காசு மிச்சம்.

உன் ஓ.எம்.ஆர். ரோட்டை இப்போது இரண்டாம் கட்டத்துக்காகத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் சிக்னலில் நிற்கிறேன் என்று நீதான் படம் போடுகிறாய். மொத்தம் மூன்று வழித்தடம், 118 கிலோமீட்டருக்கு மேல், 63,246 கோடி. அதில் உன் சோழிங்கநல்லூருக்கு இரண்டு வழித்தடம் வருகிறது. இரண்டும் எங்கே இருந்து புறப்படுகின்றன என்று பார்த்தாயா? மாதவரம். இரண்டுமே மாதவரம். அட்லஸை எடுத்துப் பார், மாதவரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று. மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொம்மையைப் பத்திரமாக வைத்துக்கொள், உன் வாசலில் ரயில் வந்து நிற்கும்போது தேவைப்படும்.

இப்போது மீன் வாடைக்கு வருகிறேன்.

நான் வாரத்தில் மூன்று நாள் தேரடியில் ஏறுகிறேன். சென்ட்ரலில் இறங்கி ஜி.எச்.சுக்குப் போவேன், அக்காவுக்கு மருந்து வாங்க. சில நாள் ஆயிரம் விளக்கு வரை போய் மகன் வீடு. இத்தனை வருஷத்தில் அந்த ரயிலில் மீன் வாடை ஒருநாள் கூட எனக்கு வந்ததில்லை. வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஏன் வரவில்லை என்று யோசி.

தேரடியில் இருந்து சென்ட்ரலுக்கு 30 ரூபாய். கார்டு போட்டால் 20 சதவீதம் தள்ளுபடி போக 24. போக வர 48. மாதம் 25 நாள் என்றால் 1,200. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு வீட்டில் கிடைக்கிற மாசச் சம்பளத்தில் பாதி அங்கே போய்விடும். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அவள் எதில் ஏறுவாள்? காசிமேட்டில் விடியற்காலை ஏலம் எடுத்துக் கூடையைத் தூக்குகிறவள் எதில் போவாள்? பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில், மின்சார ரயிலின் வியாபாரிகள் பெட்டியில். உன் ஏசிப் பெட்டிக்கு அவள் வரவே இல்லையப்பா. வராதவளைப் பார்த்துத்தான் மூக்கைப் பொத்தினாய்.

என் கோபம் இந்த இடத்தில் உன்னை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்புகிறது. பொது ஜனங்களின் பணத்தில், ஜப்பானில் கடன் வாங்கி, அதையும் பொது ஜனங்களே கட்டப்போகிற ஒரு ரயிலில், அந்த வழியில் குடியிருக்கிற பாதிப் பேர் ஏற முடியவில்லை என்றால் அதற்குப் பெயர் என்ன? கட்டணத்தைக் குறைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதிகபட்சம் 70 ரூபாய் இருந்ததை 2021 பிப்ரவரியில் 50 ஆக்கினார்கள். நல்லது. ஆனால் அதனால் அதிக லாபம் தூரமாகப் போகிறவருக்கு, விமானம் பிடிக்கப் போகிறவருக்கு. தேரடியில் இருந்து ஏர்போர்ட்டுக்கு 50 ரூபாய் என்பது டாக்ஸியை நினைத்தால் கொள்ளை மலிவு. நானே அமெரிக்காவில் இருந்து வந்த பேத்தியை அதில்தான் கூட்டி வந்தேன். நாம் தினமும் போவது ஏர்போர்ட்டுக்கா? ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் போகிறவளுக்குத்தான் 20, 30 ரூபாய் வலிக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் இலவச பாஸ் கொடுக்கிற ஊர் இது. அந்தப் பிள்ளைகள் ரயிலிலும் அப்படிப் போனால் என்ன குறைந்துவிடும்? நடுப்பகலில் இருக்கைகள் காலியாகத்தான் ஓடுகின்றன. கண்ணால் பார்க்கிறேன். காலியாக ஓடும் பெட்டிக்கும் மின்சாரம் அதேதான் செலவாகிறது.

"நஷ்டத்தில் ஓடுது டீச்சர்" என்பீர்கள். ரோடு லாபத்தில் ஓடுகிறதா? கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறுகிற காருக்கு டிக்கெட் கிழிக்கிறார்களா? நான் எக்கனாமிக்ஸ் படித்தவள் இல்லை, ஆனால் காருக்குப் போடுகிற பாலத்தை "வசதி" என்றும் கூலிக்காரிக்கு ஓட்டுகிற வண்டியை "நஷ்டம்" என்றும் எழுதும் கணக்கு நோட்டை ஒருநாள் திருத்த ஆசை. சிவப்பு மையில்.

இந்த ரயிலே ஒரு காலத்தில் உன்னைப் போல யோசித்தது என்பது உனக்குத் தெரியுமா? ஆரம்பத்தில் நாலு பெட்டியில் ஒரு பகுதியை முதல் வகுப்பு என்று தடுத்து, இரண்டு மடங்கு கட்டணம் வைத்தார்கள். அதே ரயில், அதே வேகம், அதே ஏசி. பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்பதற்குத்தான் அந்த இன்னொரு மடங்கு. ஆள் ஏறவில்லை. பிறகு அதை எடுத்துவிட்டுப் பெண்களுக்கான பெட்டி ஆக்கினார்கள். நான் இப்போது உட்காருவது அங்கேதான். முதல் வகுப்பில் உட்கார்ந்து போகிறேன் பார், பென்ஷன்காரி.

எண்ணூர்க்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். விம்கோ நகர் பணிமனையோடு லைன் முடிகிறது. கத்திவாக்கத்திலும் எண்ணூரிலும் இருக்கிறவர்கள் அங்கே இருந்து பஸ்ஸையோ ஷேர் ஆட்டோவையோ பிடிக்க வேண்டும். நாளைக்கு எண்ணூருக்கு நீட்டலாம் என்று யாராவது சொன்னால், திருவொற்றியூரில் இருந்தே ஒருத்தன் "எண்ணூர் வரைக்கும் எதுக்கு, வேஸ்ட்" என்று எழுதுவான். எனக்குச் சந்தேகமே இல்லை. ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்தச் சொல்கிற புத்தி வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பக்கம் மட்டும் இருப்பது இல்லை.

இந்தப் புத்தியை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று ஒரு வாரமாக யோசித்தேன். தூக்கம் வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

1993. எட்டாம் வகுப்பு பி பிரிவு. காசிமேட்டில் இருந்து வந்த ஒரு பெண் பிள்ளை. அவள் பெயரையும் எழுதவில்லை, அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு யாரென்று தெரியும். விடியற்காலை அம்மாவோடு கரைக்குப் போய் ஏலத்தில் கூட நின்று, கூடையைத் தூக்கிவிட்டு, அப்படியே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஓடி வருவாள். முதல் பெஞ்ச். மேப்பில் ஆறுகளைக் குறிக்கச் சொன்னால் அவள்தான் முதலில் முடிப்பாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். ஒருத்தியின் அம்மா வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "கடைசி பெஞ்ச் ஜன்னலோரம் உக்காரும்மா, காத்தோட்டமா இருக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனாள். வகுப்பு மொத்தமும் பார்த்தது. தம்பி, நீ மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாய்.

அவள் பத்தாவதுக்கு மேல் வரவில்லை. நான் மாற்றி உட்கார வைத்ததால்தான் என்று சொல்ல முடியாது, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் அதற்குப் பிறகு அவள் மேப் வரைய முதலில் கை தூக்கியதில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். வருஷா வருஷம் ரிசல்ட் வரும்போது உங்களிடம் என்ன சொல்வேன்? "நல்லாப் படிச்சு இந்த ஏரியாவை விட்டுப் போயிடணும்." பாராட்டு என்று நினைத்துச் சொன்னேன். அண்ணா நகர், அடையாறு என்று யார் போனாலும் ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இங்கேயே தங்கி லேத் பட்டறை வைத்தவனை, பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தவளை அப்படிச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். முப்பத்து நாலு வருஷம் ஒரு ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த ஊர் விட்டு ஓட வேண்டிய ஊர் என்று பாடம் எடுத்துவிட்டு, இப்போது உன் பொம்மையைப் பார்த்துக் கொதிக்கிறேன். நீ படித்ததைத்தான் எழுதினாய். திருத்த வேண்டிய பேப்பர் என்னுடையது.

அதனால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லப் போவதில்லை. அந்தச் செய்தியை அழிக்கவும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை வா. காரை ஏர்போர்ட்டிலோ கிண்டியிலோ விட்டுவிட்டு ரயிலில் ஏறு. பிள்ளைகளையும் கூட்டி வா. சின்னமலை தாண்டி ரயில் பூமிக்குள் இறங்கும்போது காது லேசாக அடைக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தொண்டியார்பேட்டை தாண்டி மறுபடி வெளிச்சத்துக்கு ஏறும்போது ஜன்னல் பக்கம் நில்லுங்கள். நம் மொட்டை மாடிகள், கோபுரம், தூரத்தில் கடல், எல்லாம் ஒரே பார்வையில் வரும். நீ பிறந்த ஊரை நீ அந்த உயரத்தில் இருந்து பார்த்திருக்க மாட்டாய், நமக்கெல்லாம் அவ்வளவு உயரமான மாடி இருந்ததில்லை. தேரடியில் இறங்கு. நான் கீழே நிற்பேன். வஞ்சிரம் வறுத்து வைக்கிறேன். வாடையோடு திரும்பிப் போ.

93 செட் பிள்ளைகளே, அந்தப் பெண்ணோடு யாருக்காவது இன்னும் தொடர்பு இருக்கிறதா? கல்யாணமாகிப் பழவேற்காடு பக்கம் போனதாக ஒருத்தி சொன்னாள், காசிமேட்டிலேயே இருப்பதாக இன்னொருத்தி சொன்னாள். நம்பர் கிடைத்தால் கமெண்டில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள். டீச்சர் பேசணும்னு சொன்னாங்க என்று மட்டும் சொல்லுங்கள், எதற்கு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.